நுழைவுரிமையும் நற்செய்திப் பணியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பாரசீக மன்னனின் அரண்மனையில் பணிபுரிந்த நெகேமியா எருசலேமுக்குப் புறப்பட விடைபெற்றபோது, மன்னனிடம் வேண்டிக்கொண்டவற்றுள் ஒன்று நம் கவனத்திற்குரியது. ஐபிராத்து நதிக்கு அப்பாலுள்ள ஆளுநர்கள் தம்மைத் தடையின்றிக் கடந்து செல்ல விடுமாறு அவர்களுக்குக் கடிதங்கள் வேண்டுமென அவர் கேட்டார். பயணம் எத்தனை நாள், திரும்புவது எப்போது என மன்னன் வினவினான். நெகேமியா காலங்குறித்து விடையளித்தார். எங்கே போகிறாய், எதற்காகப் போகிறாய், எவ்வளவு காலம் தங்குவாய் என்னும் இவ்வினாக்களே இன்றும் ஒவ்வொரு தூதரகத்திலும் கேட்கப்படுகின்றன.

நம் நாட்டில் சீர்திருத்தத் திருச்சபைகளின் வரலாற்றை எழுதியோர் மொழிபெயர்ப்பு, கல்வி, மருத்துவம், சபை வளர்ச்சி ஆகியவற்றை விரிவாக எழுதியுள்ளனர். ஆனால் அப்பணியாளர் இந்நாட்டிற்குள் எவ்வாறு நுழைந்தனர், யார் விடுத்த அனுமதியின்பேரில் தங்கினர், எந்நிபந்தனைகளுக்கு உட்பட்டனர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் அடிக்குறிப்புகளிலேயே நின்றுவிட்டன. இவற்றை வெறும் அலுவலகச் செய்திகளாகக் கருதுவது பொருந்தாது. நுழைவுச் சட்டங்கள் திருப்பணியின் இடத்தையும் வேகத்தையும் வடித்தன. சில வேளைகளில் அதன் உள்ளத்தையும் சோதித்தன. இவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கண்டு, அதினின்று நாம் கற்க வேண்டியவை எவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மன்னரின் ஆணையும் கோட்டைத் தலைவரின் மறுப்பும்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியை வந்தடைந்தனர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கே அவர்களை அனுப்பியவர். மன்னரின் ஆணையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு எத்தடையும் நேராது என நாம் எண்ணக்கூடும்; நிகழ்ந்ததோ வேறு. தரங்கம்பாடியை நேரடியாக ஆண்டது டேனிய வணிகக் கம்பெனி. அதன் கோட்டைத் தலைவராகிய ஹாசியுஸ் இவ்விருவரையும் வரவேற்கவில்லை. வணிகத்தின் அமைதிக்கு இவர்கள் இடையூறாவர் என்பது கம்பெனியாரின் அச்சம். வந்த நாள் முதல் நீடித்த பிணக்கு 1708ஆம் ஆண்டின் இறுதியில் முற்றி, சீகன்பால்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறையில் அடைபட்டார்.

இந்நிகழ்ச்சி பின்னைய வரலாறு முழுமைக்கும் ஒரு முன்னுரை எனலாம். அனுமதி வழங்குபவர் ஒருவர். அதை நடைமுறையில் மதிப்பவரோ மறுப்பவரோ மற்றொருவர். தலைநகரில் பெற்ற முத்திரை துறைமுகத்தில் செல்லுபடியாகாமற் போவது புதிய அனுபவமன்று.

ஆங்கிலேயரின் ஆட்சிப் பகுதிகளில் 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் நிலைமை வேறாக இருந்தது. கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் ஆதரவில் பணியாற்றிய ஜெர்மானியரைக் கிழக்கிந்தியக் கம்பெனி பொறுத்துக்கொண்டதோடு, பல வேளைகளில் பயன்படுத்தவும் செய்தது. சுவார்ட்ஸ் ஐயர் திருச்சிராப்பள்ளியில் ஆங்கிலப் படையினருக்கும் குருவாயிருந்தார். 1779இல் ஐதர் அலியிடம் தூதராகவும் அனுப்பப்பட்டார். ஆளுவோருக்குப் பயன்பட்டவர் தங்கியிருக்க உரிமை பெற்றார். இவ்வுரிமைக்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பின்வந்தோர் உணர்ந்தனர்.

2. உரிமமின்றி வந்தோர்

கம்பெனியின் உரிமமின்றி எந்த ஆங்கிலேயரும் இந்தியாவில் வாழலாகாது என்பது அன்றைய சட்டம். இச்சட்டம் மிஷனெரிமாரைக் குறிவைத்து எழுந்ததன்று. கம்பெனியின் வணிக ஏகபோகத்தைக் குலைக்கும் தனி வணிகரைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். கட்டுப்பாடின்றி உள்நாட்டிற் குடியேறும் ஐரோப்பியர் மக்களைத் துன்புறுத்தி ஆட்சிக்கு அவப்பெயர் தேடுவர் என்னும் அச்சமும் உடனிருந்தது. 1793இல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது, போதகரையும் ஆசிரியரையும் அனுப்புவதற்கு இடந்தரும் பிரிவு ஒன்றைச் சேர்க்க வில்பர்போர்ஸ் முயன்றார். கம்பெனிப் பங்குதாரரின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது.

அதே ஆண்டில்தான் வில்லியம் கேரி புறப்பட்டார். அவரும் தோமாவும் முதலில் ஏறிய ஆங்கிலக் கப்பலிலிருந்து, உரிமம் இல்லாமையால், வழியிலேயே இறக்கிவிடப்பட்டனர். பின்னர் டேனியக் கப்பலொன்றில் ஏறி 1793 நவம்பரில் கல்கத்தாவை அடைந்தனர். அடுத்த ஆண்டில் கேரி மட்னாபாட்டி என்னுமிடத்தில் நீலச்சாய ஆலையின் மேலாளரானார். அரசின் கண்ணில் அவர் தொழில் செய்யும் ஐரோப்பியர். ஆதலால் தங்க இயன்றது. இவ்வாறு ஆறாண்டுகள் சென்றன.

இங்கு நேர்மையான ஒரு வினா எழுகின்றது. ஒரு நோக்கத்தைச் சொல்லி நுழைந்து வேறொரு நோக்கத்தை நிறைவேற்றுவது முறையாகுமா? கேரியைப் பொறுத்தவரை, ஆலை வேலை வெறும் போர்வையாக இருக்கவில்லை. அவர் உண்மையாகவே உழைத்தார். அவ்வூதியத்தால் குடும்பத்தைக் காத்தார். தம் சமயப் பணியை மறைக்கவும் இல்லை. எனினும் உரிமம் பெறாமலே கப்பலேறினார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. புனிதரின் வரலாற்றை எழுதும்போது அவர்தம் இக்கட்டுகளை நீக்கிவிட்டு எழுதுவது வரலாறாகாது.

1799ஆம் ஆண்டு மார்ஷ்மன், வார்டு முதலியோர் அமெரிக்கக் கப்பலொன்றில் வந்தபோது, நேரே டேனியர் ஆட்சியிலிருந்த சீராம்பூருக்குச் சென்றனர். அங்கே ஆளுநராயிருந்த கர்னல் பீ அவர்களுக்கு அடைக்கலம் தந்தார். கம்பெனியின் வற்புறுத்தலுக்கு அவர் இணங்கவில்லை. கேரியை அழைத்துவர உள்நாட்டிற்குச் சென்ற வார்டு டேனியக் கடவுச்சீட்டின் துணையால் சென்றார். 1800 ஜனவரியில் கேரியும் சீராம்பூர் வந்து சேர்ந்தார். கங்கைக் கரையிலிருந்த ஒரு சிறு நகரம் இந்தியத் திருமறை மொழிபெயர்ப்பின் மையமானதற்கு, அது வேறொரு கொடியின்கீழ் இருந்தது என்பதே முதற்காரணம். வியப்பு யாதெனில், தங்க அனுமதி தராத கம்பெனி அரசே 1801இல் கேரியை வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமொழி ஆசிரியராக அமர்த்திக்கொண்டது.

3. வேலூர்க் கிளர்ச்சியும் அதன் பின்விளைவும்

1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய தலைப்பாகை, நெற்றிக்குறி, தாடி ஆகியவைபற்றிப் படைத்தலைமை விடுத்த ஆணைகளே அதற்கு உடனடிக் காரணங்கள். திப்புவின் குடும்பத்தார் அக்கோட்டையில் வைக்கப்பட்டிருந்ததும் துணைசெய்தது. ஆயினும் சமயப் பரப்புதலே மக்களைக் கலக்கியது என்னும் குற்றச்சாட்டு இலண்டன் வரை எட்டியது. தமிழகத்தில் நிகழ்ந்த கிளர்ச்சியின் விளைவு வங்காளத்தில் உடனே தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கல்கத்தா வந்த சேட்டர், இராபின்சன் என்னும் இருவர் திரும்பிச் செல்லுமாறு பணிக்கப்பட்டனர். சேட்டர் 1807இல் இரங்கூனுக்குப் போனார். பின்னர் 1812இல் இலங்கையில் பணி தொடங்கினார். ஒரு நாட்டில் மூடப்பட்ட கதவு இரு நாடுகளில் பணிக்கு வாயிலாயிற்று.

1812ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இதனினும் நெஞ்சை உருக்குவன. அமெரிக்காவினின்று முதன்முதலாக அனுப்பப்பட்ட ஜட்சன், நியூவெல், ஹால், நாட், ரைஸ் ஆகியோரும் அவர்களிற் சிலருடைய மனைவியரும் அவ்வாண்டு இரு கப்பல்களில் கல்கத்தாவை அடைந்தனர். வந்தவுடன் நாட்டைவிட்டு நீங்குமாறு ஆணை பிறந்தது. அவ்வேளையில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது ஐயத்தை மிகுவித்தது. நியூவெல் தம்பதியர் மொரீசியஸ் தீவுக்குச் சென்றனர். ஹாரியட் நியூவெல் அம்மையார் பயணத்திலே பிறந்த மகவை இழந்து, அத்தீவில் நவம்பர் 30ஆம் நாள் தமது பத்தொன்பதாம் வயதில் உயிர்நீத்தார். ஜட்சனை இங்கிலாந்துக்கு அனுப்ப முயன்றபோது அவர் தப்பி அதே தீவை அடைந்து, 1813இல் சென்னைக்கு வந்தார். இங்கும் தங்க இயலாதென அறிந்து, கிடைத்த முதற் கப்பலில் ஏறி ஜூலையில் இரங்கூன் சேர்ந்தார்.  நுழைவு மறுப்பே அவரை அங்கே கொண்டு சேர்த்தது. ஹாலும் நாட்டும் பம்பாய்க்குச் சென்று, வெளியேற்ற ஆணையை எதிர்த்து ஆளுநர் நெப்பியனிடம் எழுத்து மூலம் வாதாடினர். இடையில் கொச்சி வரை தப்பியோடிப் பிடிபட்டுத் திரும்பினர். சட்டம் மாறியதால் இறுதியில் அங்கேயே நிலைத்தனர்.

இதே காலத்தில் தென்கோடியில் மற்றொரு வழி திறந்தது. தஞ்சைக்கு வந்து நற்செய்தியை ஏற்ற மயிலாடி வேதமாணிக்கம் தம் ஊருக்கு ஒரு போதகரை வேண்டி நின்றார். 1804இல் தரங்கம்பாடிக்கு வந்த ரிங்கல்தௌபே, திருவிதாங்கூரில் ஆங்கிலப் பிரதிநிதியாயிருந்த கர்னல் மெக்காலேயின் ஆதரவோடு 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே உள்ளே சென்றார். மயிலாடியில் ஆலயம் எழுந்தது 1809இல். வேதமாணிக்கத்திற்கு எந்தக் கடவுச்சீட்டும் தேவைப்படவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. அயலார் அனுமதிக்காகக் காத்திருந்த நாள்களிலும் அவர் தம் மக்களிடையே பணியாற்றிக்கொண்டே இருந்தார்.

4. 1813, 1833ஆம் ஆண்டுச் சட்டங்கள்

1813இல் சாசனம் மீண்டும் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. இம்முறை பிரிட்டனின் சபைகளிலிருந்து நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் பாராளுமன்றத்தை அடைந்தன. புதிய சட்டம் பயனுள்ள அறிவையும் சமய, ஒழுக்க மேம்பாட்டையும் பரப்ப விழைவோர் இந்தியா செல்ல இடமளித்தது. ஆனால் கதவு முழுவதும் திறந்துவிடவில்லை. கம்பெனி இயக்குநரிடம் உரிமம் பெறவேண்டும். அவர்கள் மறுத்தால் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிடலாம். இந்தியாவில் அரசு விரும்பினால் உரிமத்தை நீக்கி ஆளை வெளியேற்றலாம். மறுக்கப்பட்டவர் முறையிடுவதற்கு ஓர் இடம் ஏற்பட்டதே இச்சட்டத்தின் சிறப்பு. 1814இல் ரேனியசும் ஷினாரும் சென்னை வந்தது இப்புதிய சூழ்நிலையில்தான். நெல்லைத் திருச்சபையின் பெருவளர்ச்சியை இதனோடு இணைத்துப் பார்க்க வேண்டும்.

1833ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. 1800ஆம் ஆண்டுக்கு முன்னரே கம்பெனி வசமிருந்த பகுதிகளில் பிரிட்டிஷ் குடிமக்கள் உரிமமின்றி வாழலாயினர். வந்திறங்கியதும் தம் பெயர், சேருமிடம், வந்த நோக்கம் ஆகியவற்றைச் சுங்க அதிகாரியிடம் எழுத்து மூலம் தெரிவித்தாற் போதும். இக்காலத்தில் 180 நாள்களுக்கு மேல் தங்க வரும் அயல்நாட்டார் 14 நாள்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்னும் விதியை அறிந்தவர்கள், அதன் மூதாதையை இங்கே காணலாம்.

5. பாக்கு நீரிணைக்கு அப்பால்

இலங்கை 1802 முதல் கம்பெனியின் கையில் இல்லை. நேரே பிரிட்டிஷ் முடியின்கீழ் இருந்தது. எனவே அங்கு ஆளுநரின் மனநிலையே சட்டம் போன்றதாயிற்று. 1816இல் கொழும்பு வந்த அமெரிக்க மிஷனெரிமாரை ஆளுநர் பிரவுன்றிக் வரவேற்று யாழ்ப்பாணத்தில் இடமளித்தார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி வேரூன்றியது. ஆனால் 1820இல் அச்சுத்தொழில் அறிந்த காரெட் என்பவர் வந்தபோது, பொறுப்பிலிருந்த எட்வர்டு பார்ன்ஸ் அவரைத் தீவைவிட்டு நீங்குமாறு ஆணையிட்டார். புதிய அமெரிக்கர் எவரும் வரலாகாது என்னும் தடை 1833 வரை நீடித்தது.

இத்தடையாண்டுகளில் யாழ்ப்பாணப் பணி அழிந்ததா? இல்லை. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கப்பெற்றது இத்தடை நிலவிய காலத்திலேயே ஆகும். வெளியிலிருந்து ஆள் வராத நிலையில், உள்நாட்டு மாணவரைப் பயிற்றுவிப்பது விருப்பத்திற்குரியதாக மட்டுமன்றித் தேவையாகவும் ஆயிற்று. தடை நீங்கிய பின், 1834இல், யாழ்ப்பாணத்தினின்றே மதுரைக்கு அமெரிக்கப் பணி பரவியது.

6. போர்க்காலமும் வாக்குறுதிப் பத்திரமும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுழைவுக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. முதல் உலகப் போர் அந்நிலையை அடியோடு மாற்றியது. இந்தியாவிலிருந்த ஜெர்மானிய மிஷனெரிமார் பகைநாட்டவராகக் கருதப்பட்டு அகமத்நகர் முதலிய இடங்களில் காவலில் வைக்கப்பட்டனர். 1915, 1916ஆம் ஆண்டுகளில் கோல்கொண்டா என்னும் கப்பலில் பலர் நாடு திருப்பி அனுப்பப்பட்டனர். பல்லாண்டுகள் இம்மண்ணில் வாழ்ந்து தமிழைத் தம் மொழியாகவே கொண்டிருந்தோரும் பிறந்த நாட்டின் பெயரால் அயலாராயினர். லைப்சிக் மிஷன் சபைகளின் பொறுப்பைச் சுவீடன் திருச்சபையார் தாங்கினர். 1919 ஜனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சியுள்ள திருச்சபையாக அமைந்தது. அதே ஆண்டில் சோட்டா நாகபுரியின் கோஸ்னர் திருச்சபையும் தன்னாட்சி பெற்றது.

போருக்குப் பின் இரு வகையான கட்டுப்பாடுகள் நிலைபெற்றன. ஒன்று, 1920ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டு (இந்திய நுழைவு) சட்டம். மற்றொன்று, மிஷனெரிமாருக்கென வகுக்கப்பட்ட ஏ, பி, சி என்னும் மூன்று குறிப்பாணைகள். அயல்நாட்டு மிஷன்களைச் சார்ந்தோர் சட்டப்படி அமைந்த அரசுக்குக் கீழ்ப்படிந்து, அரசியல் விவகாரங்களினின்று விலகியிருப்பதாக உறுதி கூற வேண்டியிருந்தது.

இவ்வுறுதிமொழி தேச விடுதலைப் போராட்டத்தின்போது மனச்சான்றுக்கு முட்டுக்கட்டையாயிற்று. மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த கெய்த்தான் கதருடுத்தி, காந்தியடிகளின் இயக்கத்தில் அன்பு கொண்டிருந்தார். அடிகளின் கடிதத்தை வைசிராயிடம் கொண்டு சென்ற ரெஜினால்டு ரெனால்ட்ஸ் என்பாரைத் தம் இல்லத்தில் விருந்தினராக ஏற்றார். இதன் விளைவாக 1930இல் அவர் இந்தியாவை விட்டு நீங்க நேர்ந்தது. மீண்டும் வந்து பணியாற்றியவர் 1944இல் இரண்டாம் முறை வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப் பின் திரும்பி வந்து, காந்திகிராமத்தோடு தொடர்புகொண்டு, 1984இல் தமிழ் மண்ணிலேயே மறைந்தார். வெரியர் எல்வினும் 1932இல் இங்கிலாந்து சென்று திரும்ப விழைந்தபோது, அரசியலில் ஈடுபடுவதில்லை என உறுதி கூறிய பின்னரே அனுமதி பெற்றார்.

அரசியலினின்று விலகியிருத்தல் என்பது யாது? ஆளுவோருக்கு ஆதரவாகப் பேசிய மிஷனெரி எவரும் உறுதிமொழியை மீறியவராகக் கருதப்படவில்லை. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்றவரே மீறியவராயினர். நடுநிலைமை என்னும் சொல் எப்போதும் நடுவிலே நிற்பதில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

7. விடுதலைக்குப் பின்

1947க்குப் பின் அனுமதி வழங்கும் அதிகாரம் நம் மக்களின் அரசிடம் வந்தது. 1939ஆம் ஆண்டு அயல்நாட்டார் பதிவுச் சட்டமும் 1946ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டமும் தொடர்ந்தன. 1954இல் மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழு 1956இல் அறிக்கை வெளியிட்டு, மதமாற்றத்தையே முதல் நோக்கமாகக் கொண்ட அயல்நாட்டு மிஷனெரிமார் திரும்பப் பெறப்பட வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில், புதிதாக வருவோர் தனித் தகுதியோ சிறப்பு அனுபவமோ உடையவராயிருத்தல் வேண்டும், அப்பணிக்குத் தக்க இந்தியர் கிடைக்காதிருத்தல் வேண்டும் என்னும் கொள்கையை மத்திய அரசு மேற்கொண்டது. காமன்வெல்த் நாட்டினர் நெடுங்காலம் விலக்குப் பெற்றிருந்தனர். 1980களில் அவர்களுக்கும் விசா தேவையாயிற்று. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவு மற்றும் அயல்நாட்டார் சட்டம், 1920, 1939, 1946ஆம் ஆண்டுச் சட்டங்களை நீக்கி அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளது.

இந்தியர் எவரும் கிடைக்காதபோது மட்டுமே அயலார் என்னும் நிபந்தனையைக் கேட்டு அன்று வருந்தினோர் பலர். ஆயினும் அவ்வினாவைத் திருச்சபை தானாகவே முன்னரே கேட்டிருக்க வேண்டும் அல்லவா? ஆறுமுகம் ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்றார். தமிழ் லுத்தரன் திருச்சபையில் இராஜா மாணிக்கம் முதல் தமிழ்ப் பேராயரானதோ 1956இல். இடைப்பட்ட இரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் தாமதத்தை எந்த விசாச் சட்டத்தின்மீதும் நாம் சுமத்த இயலாது. 1971இல் கென்யாவின் ஜான் கட்டு, அயல்நாட்டு ஆளும் பணமும் சிறிது காலம் நிறுத்தப்பட வேண்டுமெனக் கூறியபோது எழுந்த விவாதமும் இவ்வுண்மையையே சுட்டியது.

8. நாம் கற்க வேண்டியவை

முதலாவது, நுழைவுத் தடை திருப்பணியின் முடிவாக அமைந்ததில்லை. யாழ்ப்பாணத்துச் செமினரியும் 1919ஆம் ஆண்டுத் தன்னாட்சியும் இதற்குச் சான்றுகள். எனினும் இதைச் சொல்லி ஹாரியட் அம்மையாரின் கல்லறையையோ, கப்பலேற்றப்பட்ட முதியோரின் துயரத்தையோ நாம் இலேசாக்கலாகாது. நன்மை விளைந்தது என்பதால் இழைக்கப்பட்ட துன்பம் நியாயமாகிவிடாது.

இரண்டாவது, அரசுக்குக் கீழ்ப்படிதலைக் கூறும் உரோமர் பதின்மூன்றாம் அதிகாரமும், இறைவனுக்கே முதற் கீழ்ப்படிதல் என்னும் அப்போஸ்தலர் பணி ஐந்தாம் அதிகாரமும் ஒரே திருமறையில் உள்ளன. நோக்கத்தை மறைத்து நுழைவதற்கு அப்போஸ்தலரின் துணிவைச் சான்றாகக் காட்டுவது தவறு. அவர்கள் வெளிப்படையாகப் பேசி, விளைவையும் வெளிப்படையாக ஏற்றனர். அதுபோன்றே, அனுமதியை இழந்துவிடுவோம் என்னும் அச்சத்தால் அநீதிக்கு முன் வாய்மூடி நிற்பதற்கு உரோமர் நிருபத்தைச் சான்றாகக் காட்டுவதும் தவறே.

மூன்றாவது நம்மை நேரடியாகத் தொடுவது. 1983க்குப் பின் போரினால் வீடிழந்த ஈழத் தமிழர் பல்லாயிரவர் எச்சீட்டுமின்றிக் கடல் கடந்து நம் கரைக்கு வந்தனர். மண்டபம் முதலிய முகாம்களில் வாழ்ந்தோரின் பிள்ளைகள் பலர் இங்கேயே பிறந்து, இம்மொழியிலேயே கற்று, இன்னும் குடியுரிமை இன்றி வாழ்கின்றனர். உரிமமற்ற கேரிக்கும் அவர்தம் தோழருக்கும் சீராம்பூரின் ஆளுநர் தந்த அடைக்கலத்தை நம் திருச்சபை நன்றியோடு நினைவுகூர்கின்றது. அந்நன்றி மெய்யானதாயின், சீட்டின்றி நம்மிடம் வந்தோரின் வழக்கை நம் வழக்காகக் கருதுதல் வேண்டும். அவர்களுக்காகச் சட்டத்தின் வழிநின்று முறையிடுவதும், அவர்தம் பிள்ளைகளின் கல்விக்குத் துணைநிற்பதும் நம் ஆயர்களுக்கும் சபைகளுக்கும் உரிய பணிகள். அனுமதிச் சீட்டின் வரலாற்றைக் கற்கும் இறையியல் மாணவர் முதலில் கேட்க வேண்டியது, நம் வாயிலில் நிற்பவர் யார் என்பதே.